ஏற்றத்தில் இழுக்காத வீடு

தன் அக்காளின் ஊருக்குப் போகும் பேருந்துக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் மெக்கானிக் பட்டறை வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

கணவர் ஓய்வு பெற்றதும் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, படுக்கை, அடுப்பு, அலமாரி எல்லாம் உள்ளேயே அமைந்த ஒரு பழைய டீசல் வேனில் ஒரு வருடம் ஊர் சுற்றுவது என்று இருவரும் சேர்ந்துதான் முடிவெடுத்தார்கள். இரண்டாவது மாதமே வண்டி மக்கர் செய்ய ஆரம்பித்தது. முக்கால் மணி நேரம் சமத்தாக ஓடும். பிறகு ஒரு ஏற்றம் வந்தால் போதும், எவ்வளவு மிதித்தாலும் இழுக்காமல் திணறி நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்துக் கிளப்பினால் ஒன்றுமே நடக்காதது போல் பாயும்.

"இன்னொரு தடவை நடுரோட்டுல நின்னா, நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்" என்று மூன்று நாள் முன்பு சொல்லியிருந்தாள். இன்று காலை நின்றது.

ஸ்பேனர் அக்கா என்று எல்லோரும் அழைக்கும் மெக்கானிக், டீசல் ஃபில்டரை மாற்றிவிட்டாள். குழாய்களில் காற்றுக் கசிவு உண்டா என்றும் பார்த்துவிட்டாள். ஓட்டிப் பார்த்தால் வண்டி குதிரை மாதிரி ஓடியது.

"எனக்கே தலை சுத்துது அண்ணே. வலிக்குதுன்னு டாக்டர்கிட்ட போனா வலி ஓடிப்போயிடும் பாருங்க, அந்த மாதிரி இருக்கு."

"நாங்க பொய் சொல்றோம்னு நினைக்கிறீங்களா?" என்றார் கணவர்.

"இல்லண்ணே. வண்டி நின்னதும் நீங்க என்ன பண்ணுவீங்க? ஒண்ணுவிடாம சொல்லுங்க."

"என்ன பண்ணுவேன்... டீசல் அளவு காட்டுற முள்ளை நம்ப முடியாது. அதனால டேங்க் மூடியைத் திறந்து டீசல் இருக்கான்னு பார்ப்பேன். மூடிட்டு ஸ்டார்ட் பண்ணா கிளம்பிடும்."

"திறக்கும்போது சத்தம் வருமா?"

"புஸ்ஸுன்னு வரும். ஏன்?"

ஸ்பேனர் அக்கா வண்டிக்கு அடியில் புகுந்தாள். வெளியே வந்தபோது அவள் கையில் சைக்கிள் டியூப் துண்டு ஒன்று இருந்தது.

"டேங்குக்குள்ள காத்து போற குழாயை யாரோ இதை வச்சு இறுக்கிக் கட்டியிருக்காங்க. டீசல் குறையக் குறைய காத்து உள்ள வரணும்ல? வராட்டி எஞ்சின் எப்படி டீசலை உறிஞ்சும்? மூடியைத் திறந்ததும் காத்து போயிடும், வண்டியும் ஓடிடும். நானும் காலையிலிருந்து நாலு தடவை திறந்து பார்த்தேனே! அப்புறம் எங்க நிக்கும்?"

கணவர் தரையைப் பார்த்தார்.

"ஏங்க?" என்றாள் மனைவி.

"அந்தக் குழாய் வாய் சரியா நம்ம படுக்கை ஜன்னலுக்குக் கீழ இருக்கு. டீசல் நாத்தத்துல தூக்கமே வரலன்னு நீ எழுந்து உட்கார்ந்துட்டே. அதான் மறுநாள் காலையில..."

"முப்பது வருஷம் பசங்களுக்கு இயற்பியல் சொல்லிக் கொடுத்தவர்! வெற்றிடம்னு பாடமே நடத்தியிருக்கீங்க!"

"பரீட்சையில அதைக் கேட்டா சொல்லியிருப்பேன்."

ஸ்பேனர் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மனைவிக்குச் சிரிப்பதா அழுவதா என்று புரியவில்லை. வண்டியை நிறுத்தியது இவர்தான் என்று கோபப்பட நினைத்தாள். தன் தூக்கத்துக்காகத்தான் கட்டினார் என்று நினைத்ததும் கோபம் வரவில்லை.

"நாளைக்கு நீளமான குழாய் போட்டு எதிர்ப்பக்கம் கொண்டு போயிடுறேன். இப்போ ஒரு மணி நேரம் மலைப்பாதையில ஓட்டிப் பாருங்க. அண்ணி, நீங்க பஸ்ஸுக்குப் போறீங்களா?"

"வண்டி நிக்குதான்னு பார்த்துட்டுத்தான் போவேன்" என்று அவள் பையோடு ஏறிக்கொண்டாள்.

முக்கால் மணி நேரம் கடந்தது. ஏற்றம் வந்தது. கணவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதித்தார். வண்டி திணறவில்லை. முன்னால் ஒரு பேருந்து புகை கக்கியபடி ஊர்ந்துகொண்டிருந்தது. அதன் பின்கண்ணாடியில் அக்காளின் ஊர்ப்பெயர் இருந்தது. வேன் அதைத் தாண்டிச் சென்றது.

"அது உன்னோட பஸ்தானே?" என்றார் அவர், பயந்த குரலில்.

"அங்க என்ன பார்வை? ரோட்டைப் பாருங்க" என்றபடி அவள் எழுந்து, பையில் இருந்த துணிகளை ஒவ்வொன்றாக அலமாரியில் அடுக்கத் தொடங்கினாள்.