முப்பத்தெட்டுப் பெட்டியும் ஒரு முழங்காலும்

கண்ணாடிக் கடையில் தரையைப் பெயர்த்துப் புதுக் கல் பதிக்கப் போகிறார்கள், ஒரு வாரம் கடை கிடையாது என்று முதலாளி சொன்னபோது லென்ஸ்காரருக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. பதினெட்டு வருடமாக அடுத்தவர் மூக்கின் மேல் உட்காரப்போகும் லென்ஸுகளைத் தேய்த்துத் தேய்த்து ஃபிரேமில் பொருத்திக்கொண்டிருப்பவர் அவர். சேர்ந்தாற்போல் ஏழு நாள் லீவு என்பது அவர் கல்யாணத்துக்குக்கூடக் கிடைக்கவில்லை.

வீட்டுப் பின்னறையில் ஒரு சுவரை அடைத்துக்கொண்டு ஓர் அலமாரி. அதில் முப்பத்தெட்டு மாடல் கார் பெட்டிகள். ஒன்றுகூடக் கட்டி முடித்ததல்ல. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கார், நூற்றுச் சொச்சம் துண்டுகளாகப் பிளாஸ்டிக் சட்டத்தில் தொங்கிக்கொண்டு கிடந்தது. துண்டுகளை வெட்டியெடுத்து, ராவி, வர்ணம் பூசி, ஒட்டி முடித்தால் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு வண்டி வரும். ஆனால் நாலு வருடமாக ஒரு வண்டியும் வரவில்லை. வாங்குவதில் லென்ஸ்காரர் சூரர். எதை முதலில் கட்டுவது என்று தீர்மானிப்பதில்தான் இழுபறி. சிவப்புப் பந்தயக் காரை இறக்குவார். இவ்வளவு நல்ல பெட்டியைக் கை பழகுவதற்குள் கெடுத்துவிடக் கூடாதே என்று ஏற்றிவிடுவார். சுமாரான ஒன்றை இறக்குவார். இத்தனை நல்லதெல்லாம் இருக்க இதில் போய்க் கையை வைப்பானேன் என்று அதையும் ஏற்றிவிடுவார். இதற்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துச் சாதக பாதகங்களை எழுதி, நோட்டு தீர்ந்து இரண்டாவது நோட்டும் போட்டாயிற்று.

அவர் மனைவி பிசியோதெரபிஸ்ட். மடங்க மாட்டேன் என்று அடம் பிடிக்கிற கைகால்களை மடங்க வைப்பது அவள் பிழைப்பு. லீவு சமாச்சாரம் காதில் விழுந்ததும் அவள் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரே ஒரு கார் கட்டி முடிங்க. முடிச்சா அலமாரி உங்களுது. இல்லன்னா அத்தனை பெட்டியும் பரணுக்குப் போகுது. எனக்குப் போர்வை வைக்க இடமில்லை."

"ஒரு கார்தானே?"

"ஒரே ஒரு கார். அதோட அப்பாவைப் பார்த்துக்கணும். ஒரு நாளைக்கு மூணு தடவை முழங்காலை மடக்கி நீட்ட வைக்கணும். நான் சாயங்காலம் வந்து அளந்து பார்ப்பேன்."

அவள் அப்பாவுக்கு அப்போதுதான் முழங்கால் மாற்றி வைத்திருந்தார்கள். குளியலறை பக்கத்திலேயே இருக்கிறது என்பதால் அவருடைய கட்டிலைப் பின்னறையில், அலமாரிக்கு எதிரிலேயே போட்டிருந்தார்கள். நாற்பது வருடம் கார் மெக்கானிக்காக இருந்தவர். மாமனாரும் மருமகனும், கல்யாணமான இந்தப் பதினொரு வருடத்தில் பேசிக்கொண்டதை எல்லாம் சேர்த்தாலும் ஒரு போஸ்ட் கார்டில் அடங்கிவிடும். வாங்க மாமா. வந்தேன் மாப்பிள்ளை. சாப்பிட்டீங்களா. ஆச்சு. அவ்வளவுதான். பகை என்று ஒன்றுமில்லை. பேச ஒன்றும் அகப்படவில்லை.

திங்கட்கிழமை காலை மனைவி வேலைக்குப் போனதும் லென்ஸ்காரர் மேஜையைத் துடைத்தார். கத்தி, இடுக்கி, பசை, உப்புத்தாள் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தார். பிறகு நாற்காலி மேல் ஏறி, மேல்தட்டிலிருந்து சிவப்புப் பந்தயக் காரை இறக்கினார்.

"அதுவா?" என்றார் மாமனார் கட்டிலிலிருந்து.

லென்ஸ்காரர் திரும்பிப் பார்த்தார். மாமனார் தானாக ஒரு கேள்வி கேட்பது இதுதான் முதல் தடவை.

"ஆமா மாமா. ஏன்?"

"ஒண்ணுமில்லை. கிளட்ச் மூணு மாசம் தாங்காது. அவ்வளவுதான்."

லென்ஸ்காரர் சிரித்தார். மாமனார் சிரிக்கவில்லை. மருமகன் பெட்டியைப் பார்த்தார். அட்டையில் கார் ஒரு வளைவில் பறந்துகொண்டிருந்தது. என்னமோ அதன் களை கொஞ்சம் குறைந்துவிட்ட மாதிரி இருந்தது. அதை வைத்துவிட்டு, நீலத்தில் நீண்ட மூக்கு வைத்த இரண்டு கதவு வண்டியை எடுத்தார்.

"பார்க்க லட்சணமா இருக்கும். மேடு ஏறினா ரேடியேட்டர் கொதிக்கும். ஓட்டறவன் பாதி வழியில இறங்கித் தண்ணி தேடணும்."

"சரி, இது?"

"அதுல பிளக் மாத்தணும்னா இன்ஜினையே இறக்கணும் மாப்பிள்ளை. அதை வரைஞ்சவன் கையில கிடைச்சா நான் நாலு வார்த்தை கேட்பேன்."

மத்தியானத்துக்குள் பதினொரு வண்டிகள் தள்ளுபடி ஆயின. ஒன்று மழை பெய்தால் நின்றுவிடும். ஒன்றின் கதவை உள்ளேயிருந்து திறக்க முடியாது. ஜீப்பாவது தப்பிக்கும் என்று லென்ஸ்காரர் நம்பினார். அது இடுப்பை ஒடித்துவிடும் என்று தெரியவந்தது. நடுநடுவே முழங்காலை மடக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு வண்டியைத் திட்டும்போதும் மாமனார் வலியை மறந்து காலை நன்றாகவே மடக்கினார் என்பதை மருமகன் கவனித்துக்கொண்டார். ரொம்பக் கோளாறான வண்டிகளைத் தேடித் தேடி எடுத்துக் காட்டவும் தொடங்கினார்.

சாயங்காலம் மனைவி வந்து, முழங்காலில் கோணமானியை வைத்துப் பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினாள். "பரவாயில்லையே அப்பா." பிறகு மேஜையைப் பார்த்தாள். "கார் எங்கே?"

"பேசிட்டிருக்கோம்."

"யாரோட?"

"மாமாவோட."

அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

செவ்வாய்க்கிழமை இன்னும் பதினாலு வண்டிகள் போயின. புதன்கிழமை மத்தியானம் முப்பத்து மூன்றாவது பெட்டியோடு லென்ஸ்காரர் நின்றபோது அவருக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு கத்திகூட உறையிலிருந்து வெளியே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கண்ணெதிரே தெரிந்தது. போர்வைகள் அலமாரியில் அடுக்கி வைத்திருப்பது போலவே தெரிந்தது.

"இதுல பிரேக் பிடிக்காது" என்று மாமனார் ஆரம்பித்தார்.

"மாமா, இது பிளாஸ்டிக். இது ஓடவே ஓடாது. ஓடாத வண்டிக்கு எதுக்கு மாமா பிரேக்?"

குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிற்று. மாமனார் மெல்ல முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மூன்றாவது தடவை காலை மடக்கச் சொன்னபோது காது கேளாதவர் போல இருந்தார்.

அன்று சாயங்காலம் கோணமானி பத்து டிகிரி குறைத்துக் காட்டியது.

"அப்பா ஏன் காலை மடக்க மாட்டேங்கிறார்?" என்று மனைவி சமையலறையில் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"என் மேல கோபம்."

"எதுக்கு?"

"பிரேக்குக்கு."

அவள் கரண்டியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "நாளைக்கு அந்தக் கால் தொண்ணூறு டிகிரி மடங்கணும். என்ன பண்ணுவீங்களோ எனக்குத் தெரியாது. பிரேக் பிடிக்கும்னு சொல்லுங்க."

வியாழக்கிழமை காலை பின்னறையில் சத்தமே இல்லை. மாமனார் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். குறை சொல்ல ஆளில்லை. எந்தப் பெட்டியை வேண்டுமானாலும் எடுக்கலாம். லென்ஸ்காரர் சிவப்புப் பந்தயக் காரை எடுத்தார். கிளட்ச் மூணு மாசம் தாங்காது என்று காதுக்குள் கேட்டது. நீல வண்டியை எடுத்தார். பாவம், மேட்டில் நின்றுகொண்டு தண்ணீர் தேடும் ஓர் ஆள் தெரிந்தான். அரைமணி நேரம் ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். நாலு வருடமாக இந்தப் பெட்டிகளோடு தனியாக மல்லுக்கட்டியவருக்கு இந்த மூன்று நாளில் பேச்சுத்துணை பழகிப்போயிருந்தது. அது இல்லாமல் அட்டைப்படங்களைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

எழுந்து, அடித்தட்டில் பாக்கி இருந்த ஐந்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு கட்டிலருகே போனார்.

"இதுல என்ன குறை மாமா?"

பேப்பர் அசையவில்லை. "ஓடாத வண்டியில என்ன குறை இருக்கப் போகுது."

"ஓடுச்சுன்னா?"

பேப்பர் இரண்டு விரல்கடை கீழே இறங்கியது. மாமனாரின் கண்கள் அட்டையை ஒரு முறை துழாவின.

"ஓடுச்சுன்னா, ஸ்டியரிங் இடது பக்கம் இழுக்கும்" என்றார்.

லென்ஸ்காரர் அடுத்ததை எடுத்து நீட்டினார். அதற்கு டைனமோ சரியில்லை. அடுத்ததற்கு சைலன்சர். நாலாவதை ஓட்டுகிறவனுக்கே புத்தி சரியில்லை. மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கால் தானாக மடங்கியிருந்தது.

கடைசிப் பெட்டி ஒன்றுதான் மிச்சம். லென்ஸ்காரருக்கே அது எப்போது வந்து சேர்ந்தது என்று சரியாக ஞாபகமில்லை. எதையோ வாங்கும்போது கூடவே வந்தது. நாலு கதவு, வெளிறிய பழுப்பு நிறம், ஒரு குடும்பம் உட்கார்ந்து போகிற சாதாரண வண்டி. அட்டையில்கூட அது எங்கும் பறக்கவில்லை. ஒரு வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தது.

மாமனார் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சொல்லுங்க மாமா. இன்ஜினா, கியரா?"

"இதுல குறையே இல்லை மாப்பிள்ளை."

"இல்லையா?"

"இல்லை. ஆனா இருக்குன்னு நான் ஒரு ஊரையே நம்ப வச்சேன்."

அப்புறம் சொன்னார். பட்டறை வைத்த புதிது. ஒரு கணக்கு வாத்தியார் இதே வண்டியை, இதே நிறத்தில், டயர் மாற்ற விட்டுவிட்டுப் போனார். மூன்று சக்கரத்தை இறுக்கி முடித்தாயிற்று. நாலாவதில் போல்ட்டைக் கையால் திருகி வைத்தபோது யாரோ கூப்பிட்டார்கள். போய்ப் பேசிவிட்டு வந்தவர், வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துக் கையைக் கழுவிவிட்டார். வாத்தியார் வண்டியை எடுத்துக்கொண்டு போய் நாற்சந்தியில் பிரேக் போட்டிருக்கிறார். வண்டி நின்றது. முன்சக்கரம் நிற்கவில்லை.

"தனியா உருண்டு போச்சு மாப்பிள்ளை. வாத்தியாரை முந்திக்கிட்டுப் போய், இடது பக்கம் நல்லபடியா திரும்பி, ஒரு முடிவெட்டுற கடைக்குள்ள நுழைஞ்சிருக்கு. அங்க காத்திட்டிருந்தவங்க பக்கத்துல போய்ச் சுவத்துல சாஞ்சு நின்னுச்சாம். கடைக்காரர், முகத்துல சோப்போட இருந்த ஆள்கிட்ட, அடுத்தது இவர்தான்னு சொன்னாராம்."

லென்ஸ்காரர் உதட்டைக் கடித்துக்கொண்டார். "யாருக்காவது அடி?"

"ஒருத்தருக்கும் ஒண்ணுமில்லை. வாத்தியார் சக்கரத்தை உருட்டிக்கிட்டே பட்டறைக்கு வந்தார். நான் என் தப்புன்னு சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். இந்த வண்டியில சக்கரம் தானா கழண்டுக்கும் சார், செஞ்சவன் தப்புன்னு வந்துடுச்சு. அவர் நம்பிட்டார். படிச்சவர் சொன்னா ஊர் கேட்காதா? அதுக்கப்புறம் பத்து வருஷம் எங்க பக்கத்துல ஒருத்தன் இந்த வண்டியை வாங்கலை. அன்னையிலேருந்து எனக்கு இது ஒரு வழக்கமாவே போயிடுச்சு. எது கெட்டாலும் முதல்ல வண்டியைத்தான் திட்டுவேன்."

சிரிப்பை அடக்க முடியாமல் லென்ஸ்காரர் சிரித்துவிட்டார். சிரித்துவிட்டோமே என்று பயந்து மாமனாரைப் பார்த்தார். அவர் தோளும் குலுங்கிக்கொண்டிருந்தது.

"அப்போ இதையே கட்டிடலாமா மாமா?"

"கட்டுங்க. ஆனா சக்கரம் நான் மாட்டுவேன்."

நாலு வருடமாக ஆகாத தீர்மானம் அரை நிமிடத்தில் ஆகிவிட்டது. பெட்டியைப் பிரிக்கும்போது லென்ஸ்காரருக்குக் கெட்டுப்போனால் போகட்டும் என்று இருந்தது. மேஜையைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டார்கள். லென்ஸ்காரர் வெட்டினார், ராவினார். மாமனார் விளக்கத்தாளைப் பிடித்துக்கொண்டு, இதை எழுதியவன் ஒரு நாளாவது பட்டறையில் வேலை செய்திருப்பானா என்று ஒவ்வொரு படத்துக்கும் கேட்டார். கியர் பெட்டியைத் தலைகீழாக ஒட்டியது மாமனார்தான். அதற்கும் பசையைத் திட்ட ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டு, "நான்தான் தப்பா வச்சுட்டேன்" என்றார். சொல்லிவிட்டுச் சொன்னது தான்தானா என்பது போல மருமகனைப் பார்த்தார்.

சக்கரம் மாட்டும் கட்டம் சனிக்கிழமை வந்தது. போல்ட் எதுவும் கிடையாது, அச்சில் அழுத்தினால் போதும் என்று தெரிந்ததும் மாமனாருக்கு மனசு ஆறவில்லை. நாலையும் அழுத்தி, நாலையும் ஆட்டிப் பார்த்து, கால் மணி கழித்து மறுபடி ஆட்டிப் பார்த்து, மகள் சாப்பிடக் கூப்பிட்டபோதும் போகாமல் இன்னொரு தடவை ஆட்டிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி ஜன்னல் விளிம்பில் நின்றது. பழுப்பு வர்ணம் ஒரு கதவில் கொஞ்சம் திட்டாக இருந்தது. மற்றபடி கார். மனைவி குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"முப்பத்தெட்டுல இதைத்தான் எடுத்தீங்களா?"

"மாமா ஒரு கணக்கு வாத்தியாருக்கு..." என்று லென்ஸ்காரர் தொடங்கினார்.

"முடிவெட்டுற கடைக்குள்ள போச்சே, அந்தச் சக்கரமா? அம்மா எப்பவோ சொல்லியிருக்காங்க."

மாமனார் திகைத்துப் போனார். "உங்கம்மாவுக்கு எப்படித் தெரியும்? நான் யார்கிட்டயும் சொன்னதில்லையே."

"தூக்கத்துல சொன்னீங்களாம். வருஷத்துக்கு ரெண்டு தடவை சொல்வீங்களாம்."

அலமாரி லென்ஸ்காரருக்கே நிலைத்தது. ஒரு பெட்டியாவது குறைந்ததே என்று அவள் காலி அட்டையை எடுத்துக் குப்பைக்குக் கொண்டுபோகப் பார்த்தாள். அட்டைப்படத்தைத் தூக்கிப் போடுவதாவது என்று இரண்டு பேரும் ஒரே குரலில் தடுத்தார்கள். போர்வைகள் கட்டிலுக்கடியிலேயே இருந்தன.

மாதக் கடைசியில் முழங்கால் நூற்றுப் பத்து டிகிரி மடங்கியது. மாமனார் ஊருக்குக் கிளம்பினார். மகள்தான் காரை ஓட்டினாள். லென்ஸ்காரர் பின்சீட்டில் பைகளோடு உட்கார்ந்தார். மாமனார் முன்சீட்டில், ஒரு துண்டை மடித்து மடியில் விரித்து, அதன்மேல் பழுப்புக் காரை வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தார். ஊரில் இருக்கும் தன் மனைவிக்குக் காட்டிவிட்டு, அந்தக் கணக்கு வாத்தியார் இன்னும் இருக்கிறாரா என்று விசாரிக்கப் போவதாகச் சொன்னார்.

தெருமுனையில் வேகத்தடை வந்தது.

"மெதுவா ஏத்தும்மா" என்றார்.

"முழங்கால் வலிக்குதா அப்பா?"

"முழங்காலுக்கு என்ன, அது நல்லாத்தான் இருக்கு. வண்டியைச் சொல்றேன்."