இடக்கரையின் அளவு

அப்போது எங்கள் ஆற்றில் வலக்கரைப் பக்கம் தண்ணீர் இடக்கரையைவிட இரண்டு அடி உயரமாக ஓடியது. ஆற்றின் நடுவில் ஒரு படி இருந்தது. மேலே இருக்கும் மீன்கள் அந்தப் படிவரை வரும். கொஞ்ச நேரம் கீழே பார்க்கும். பிறகு திரும்பிப் போய்விடும்.

நான் இடக்கரையில் அளவு பார்ப்பவன். பெயர் வடுகநாதன். தடுப்பணைச் சுவரில் அடியும் அங்குலமும் குறித்த பலகை ஒன்று பதித்திருக்கிறது. காலையில் போய்த் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்ப்பேன். பிறகு அலுவலகத்துக்குப் போய்ப் பொறியாளர் இன்னாசி சாரிடம் வாயால் சொல்வேன். வலக்கரையின் அளவை அங்கே பார்ப்பவர் சொல்வார். இரண்டையும் கேட்டுவிட்டு எந்தப் பக்க மதகை எவ்வளவு திறப்பது என்று அவர் முடிவு செய்வார். இவ்வளவுதான் வேலை.

வலக்கரையில் முன்பு சவரிமுத்து இருந்தார். அவர் இருந்தவரை ஆறு சமமாகத்தான் ஓடியது. அவர் ஓய்வு பெற்றதும் செல்வராணி வந்தாள். அவள் பலகைக்கு முன்னால் குனிந்த முதல் நாளே ஆறு அவள் பக்கம் எழுந்தது.

"புது ஆள்ல, அதான்" என்றார் இன்னாசி சார்.

நானும் ஒரு காலத்தில் புது ஆள்தான். எனக்காக அது ஓர் அங்குலம்கூட எழுந்ததில்லை.

அலுவலகத்தின் நடைபாதை அளவுக்குத் தகுந்தபடி நீளும். தண்ணீர் குறைவாக உள்ளவனுக்கு நடை அதிகம். செல்வராணி வாசலில் செருப்பைக் கழற்றினால் அடுத்த எட்டில் சாரின் மேசை. என் நடைபாதையில் ஒரு டீக்கடை வரும். அங்கே உட்கார்ந்து குடித்துவிட்டுத்தான் மீதியை நடக்க முடியும். நான் போய்ச் சேரும்போது அவர் அவளுடைய அளவைக் கேட்டு முடித்திருப்பார். சிரித்தும் முடித்திருப்பார்.

"வடுகநாதன், இடக்கரை?"

"ரெண்டு அடி சார்."

"ம்."

அவள் அளவுக்கு அவர் "அடேயப்பா" என்பார். எனக்கு "ம்."

காலையில் என் பலகையைப் பார்ப்பதற்கு முன் அக்கரையில் அவளைப் பார்க்க ஆரம்பித்தேன். அவள் எப்படிக் குனிகிறாள், எந்தக் கையால் புடவையைத் தூக்கிச் செருகுகிறாள் என்று கவனித்தேன். நானும் அதே கையால் வேட்டியைத் தூக்கிச் செருகிக் குனிந்து பார்த்தேன். என் பக்கம் ஒரு விரற்கடை இறங்கியது.

ஒருநாள் மேற்கே மழை. என் பலகையில் தண்ணீர் நான்கு அடியைத் தொட்டு நின்றது. அவ்வளவு உயரத்தை நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. டீ குடிக்காமல் நடந்தேன். மேசைக்குப் பக்கத்தில் போகும்போது அவள் குரல் கேட்டது.

"ஆறு அடி சார்."

"அடேயப்பா."

என் வாயில் தயாராக இருந்த நான்கு அடி சிறுத்துப்போனது.

"இடக்கரை?" என்றார் சார்.

"பார்க்கல சார்."

"ஏன்?"

"பார்க்கத் தோணல."

"சரி. தெரியாத தண்ணிக்கு மதகு திறக்க முடியாது. உங்க பக்கத்த மூடிடறேன்."

வீட்டுக்குப் போனேன். நான் சொல்லாத தண்ணீர் எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. கூடத்தில் முழங்கால் அளவு நின்றது. என் மனைவி பஞ்சவர்ணம் கட்டில்மேல் கால்களை மடக்கி உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஆபீஸ்லருந்து வந்திருக்கு" என்றாள்.

"யாரு?"

"தண்ணி."

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதற்குள் இறங்கினேன். குளிர்ச்சியாக இருந்தது. செல்வராணி இதைப் பார்த்ததில்லை. இன்னாசி சாருக்கும் இது தெரியாது. கூடத்தின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நடந்தேன். வெகுநாளைக்குப் பிறகு அன்று நன்றாகத் தூங்கினேன்.

மறுநாளும் பார்க்கவில்லை என்றேன். அதற்கு மறுநாளும். காலையில் தண்ணீர் பலகையில் நிற்கும். நான் மேசைக்கு முன் வாயை மூடிக்கொண்டதும் வீட்டுக்குக் கிளம்பிவிடும். இடுப்புவரை வந்தது. மார்புவரை வந்தது. பஞ்சவர்ணம் அடுப்பைப் பரணுக்கு ஏற்றி, தானும் ஏறிக்கொண்டாள்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். கூடத்துத் தண்ணீர் சமமாக இல்லை. மேற்குச் சுவர் ஓரம் உயர்ந்து நின்றது. மேற்கே ஆறு. ஆற்றைத் தாண்டினால் செல்வராணியின் வீடு.

மேற்கு ஜன்னலைச் சாத்தினேன். கண்ணாடி வழியே தண்ணீர் அவள் வீட்டைப் பார்க்கிறதோ என்று ஒரு போர்வையையும் தொங்கவிட்டேன். தண்ணீர் அந்தப் போர்வையின்மேல் மெல்ல ஏறியது.

"என் வீட்டுக்குள்ளயே" என்று அதனிடம் சொன்னேன்.

இதற்குள் இடக்கரை வாய்க்கால்கள் காய்ந்துவிட்டன. பக்கத்து வீட்டு அழகுமீனாள் அக்கா வாசலுக்கு வந்தார். அவருக்கு ஆற்றோரம் கொஞ்சம் நிலம். நாற்று விட்டிருந்தார்.

"தம்பி, நாத்து கருகுது. வாய்க்கால்ல சொட்டுத் தண்ணி இல்ல."

"ஆத்துலயே இல்லக்கா."

"ஒன் கதவுக்கு அடியில வருதே."

"அது வேற தண்ணி."

"எந்தத் தண்ணி?"

"ஆபீஸ் தண்ணி."

அவர் சண்டை போடவில்லை. வயலுக்குப் போய் நாற்றுகளைப் பெயர்த்துக்கொண்டு வந்தார். என் வாசலில் அவற்றை வரிசையாக உட்காரவைத்தார். நுனிகள் பழுத்திருந்தன. அவை என் கதவையே பார்த்துக்கொண்டிருந்தன. அக்கா முந்தானையை விரித்து அவற்றுக்கு நிழல் பிடித்தார். அவருடைய தலை வெயிலில் இருந்தது.

நான் உள்ளே நின்றுகொண்டு, அவை வேறு யாரையோ பார்ப்பதாக நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் நடுப்பகலில் யாரோ மேற்கு ஜன்னலைத் தட்டினார்கள். போர்வையை விலக்கி ஜன்னலைத் திறந்தேன். செல்வராணி. ஆற்றின் நிறைந்த பாதியில் இறங்கி, காய்ந்த பாதியை நடந்து கடந்து வந்திருந்தாள். கழுத்துவரை புடவை நனைந்திருந்தது. என் பின்னால் தண்ணீர் அசைந்தது.

"அண்ணே, உங்க அளவு என்ன?"

"எதுக்குக் கேக்குற?"

"உங்க மதகு மூடிக் கெடக்கு. மேலருந்து வர்றது பூரா எங்க பக்கம் திரும்புது. ஊருக்குள்ள ஏறிருச்சு. எங்கம்மாவக் கூரை மேல ஒக்கார வச்சிட்டு வந்திருக்கேன்."

எனக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் ஆறு அவளைத் தேடி வீட்டுவரைக்கும் போயிருக்கிறது என்பதுதான் முதலில் மனதில் பட்டது.

"சந்தோஷந்தானே" என்றேன்.

"என்னண்ணே?"

"ஒன்னையத்தான் அதுக்குப் புடிச்சிருக்கு."

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு நீந்தத் தெரியாதுண்ணே" என்றாள்.

ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த அவளுடைய விரல்கள் ஊறி வெளுத்திருந்தன. நான் அவற்றைப் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

"நீ அதுகிட்ட என்ன பேசுவ?"

"எதுகிட்ட?"

"ஆத்துகிட்ட. காலைல குனியும்போது."

"ஒண்ணும் பேச மாட்டேன். எவ்வளவு நிக்குதுன்னு பார்ப்பேன். சார்ட்ட சொல்வேன். அப்பறம் மறந்துருவேன்."

மறக்கலாம் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. என்னுடைய எல்லா அளவுகளும் எனக்கு ஞாபகம் இருந்தன. அவளுடையவையும் ஞாபகம் இருந்தன.

பரணிலிருந்து பஞ்சவர்ணம் எட்டிப் பார்த்தாள். "சொல்லிருங்க. ஈரத்துல பருப்பு வேக மாட்டேங்குது."

"நாலு அடி" என்றேன்.

"எந்த நாளு?"

"நீ ஆறு அடின்னு சொன்ன அன்னிக்கு."

செல்வராணி தெருப்பக்கம் திரும்பி அதை உரக்கச் சொன்னாள். அழகுமீனாள் அக்கா அதை வாங்கி அடுத்த வீட்டுக்குச் சொன்னார். அளவு வாய் வாயாக அலுவலகத்தை நோக்கிப் போனது. கூடத்தில் தண்ணீர் என் மார்பைவிட்டு இறங்கியது. அடுத்த நாளின் அளவைச் சொன்னேன். இடுப்பைவிட்டு இறங்கியது. கதவு தானாகத் திறந்துகொண்டது. தண்ணீர் படிகளில் இறங்கி, நாற்றுகளை நனைத்துக்கொண்டு, தெருவில் திரும்பியது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசி அளவு ஒன்று வாயில் நின்றது. கணுக்கால் உயரத்துக்குத் தரையில் அதன் தண்ணீர் இருந்தது. அதை வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். யாருக்கும் குறையாது. செல்வராணி கம்பியைப் பிடித்தபடி காத்திருந்தாள். அவள் அவசரப்படுத்தவில்லை. அதற்காகவும் அவள்மேல் எனக்கு எரிச்சல் வந்தது.

சொன்னேன்.

தரை காய்ந்தது. ஒரு கெண்டை மட்டும் துள்ளிக்கொண்டு கிடந்தது. பஞ்சவர்ணம் இறங்கி வந்து அதை எடுத்துக்கொண்டு போனாள்.

அன்று மாலையே சார் என் பக்க மதகைத் திறந்தார். வலக்கரைத் தெருக்களில் வெள்ளம் வடிந்தது. செல்வராணியின் அம்மா கூரையைவிட்டு இறங்கினார். அழகுமீனாள் அக்கா நாற்றுகளை அழைத்துக்கொண்டு போய் நட்டார். பாதி பிழைத்தது.

"செல்வராணி வந்துதான் தண்ணி வந்துச்சு" என்று இரு கரையிலும் பேசிக்கொண்டார்கள். அக்காவும் அப்படித்தான் சொன்னார். அது யார் வீட்டில் இருந்த தண்ணீர் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஆற்றின் நடுவில் படி இல்லை. நானும் அவளும் ஒரே நேரத்தில் மேசைக்கு முன்னால் போய் நின்றோம்.

"வடுகநாதன், இடக்கரை?"

"மூணே கால் அடி சார்."

"வலக்கரை சொல்லும்மா."

"மூணே கால் அடி சார்."

என்னுடைய அதே அளவுதான். ஓர் அங்குலம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் அவள் அதை என்னைவிட நன்றாகச் சொன்னாள்.

இன்னாசி சார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றார்.

அவளிடம்.