பெஞ்சு மேல் நின்ற காயில்காரர்

அந்த ஆண்கள் பள்ளியில் படித்தவர் யாராவது இறந்துபோனால், மறுநாள் முதல் மணி அடிப்பதற்குள், தான் கடைசியாகப் படித்த வகுப்பறையில் பெஞ்சு மேல் ஏறி நின்றுவிடுவார். எந்த வயதில் போயிருந்தாலும் சரி, நிற்கும்போது படித்த காலத்து வயதுதான், அதே நிக்கர்தான், எண்ணெய் வைத்துப் படிய வாரிய அதே தலைதான். பேச மாட்டார். காலைக் கூட்டத்தில் அவருடைய வாழ்க்கையை யாராவது மைக்கில் எடுத்துச் சொன்னதும் இறங்கி, நிக்கர்ப் பின்புறத்துத் தூசியைத் தட்டிவிட்டு, உலக வரைபடம் மாட்டிய சுவருக்குள் போய்விடுவார். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டு வாயைப் பிளப்பார்கள். உள்ளூரில் இது தக்காளி விலை மாதிரிதான். ஏறினால் பேசுவார்கள், இறங்கினால் மறந்துவிடுவார்கள்.

எடுத்துச் சொல்லும் வேலை பழைய மாணவர் சங்கச் செயலாளருடையது. தபால் அலுவலகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், நாக்கில் தேன் தடவிய மனிதர். ஒரு நீதிபதியை, ஒரு கப்பல் கேப்டனை, ஊரையே ஏமாற்றிய ஒரு மோசடிக்காரரைக்கூட அவர் இறக்கியிருக்கிறார். மோசடிக்காரருக்கு, "கணக்கில் மகா கெட்டிக்காரர்" என்ற ஒரே வாக்கியம் போதுமானதாக இருந்தது. பொய் மட்டும் அங்கே செல்லாது. ஒரு டாக்டர் இறந்தபோது, ஏழைகளிடம் காசே வாங்காதவர் என்று செயலாளர் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லிவிட, டாக்டர் பெஞ்சு மேல் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார். "ஃபீஸை விடமாட்டார், ஆனால் கைராசிக்காரர்" என்று திருத்திய பிறகுதான் கீழே காலை வைத்தார். இத்தனை பேரை இறக்கியவர் என்று செயலாளருக்கு உள்ளூரப் பெருமை உண்டு, இருக்காதா பின்னே?

காயில்காரர் இறந்தது தன் கடையில். எரிந்துபோன மோட்டார்களுக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது அவர் தொழில். சுற்றுகளை எண்ணிக்கொண்டே இருந்தவர் எண்ணுவதை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். மறுநாள் பத்தாம் வகுப்பின் கடைசி பெஞ்சு மேல் நின்றார். செய்தி கேட்டு ஓடிவந்த அவர் மனைவி வாசலிலேயே திகைத்துப்போனாள். மீசையில்லாத அந்த முகத்தை அவள் பார்த்ததே கிடையாது. இவரை "ஏங்க" என்று கூப்பிடுவதா, "தம்பி" என்று கூப்பிடுவதா என்று ஒரு கணம் குழம்பி, கடைசியில் "ஏங்க, காது கழுவுனீங்களா?" என்றுதான் அவளுக்குக் கேட்க வந்தது. வகுப்பே சிரித்தது. காயில்காரரும் சிரித்தார்.

செயலாளர் மறுநாளே பேசினார். இப்பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேறியவர், நேர்மையான தொழிலாளி, நல்ல குடும்பத் தலைவர் என்றார். அசைவில்லை. அடுத்த நாள் தொழிலதிபர் ஆக்கினார். அதற்கடுத்த நாள் சமூகச் சேவகர் ஆக்கினார். காயில்காரர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாதம் ஒன்று ஓடியது. கடைசி வரிசைப் பையன்கள் அவர் கால்களுக்கு நடுவே பை வைக்கப் பழகிக்கொண்டார்கள். செயலாளருக்குத்தான் சோறு இறங்கவில்லை. வெட்கத்தை விட்டுக் காயில்காரர் வீட்டுப் படியேறினார். "என் வாய்க்கு வந்த வார்த்தைக்கெல்லாம் இறங்க மாட்டேங்கறார்ம்மா. நீங்க வந்து சொல்லுங்க," என்றார்.

அந்தப் பள்ளியின் மைக்கில் அதுவரை எந்தப் பெண்ணும் பேசியதில்லை. அவள் அதையெல்லாம் சட்டை செய்யவில்லை. மைதானத்தைப் பார்த்த ஜன்னலில் கணவரின் தலை தெரிந்தது, அதைப் பார்த்தே பேசினாள். அவர் கம்பி சுற்றும்போது வீடே தீப்பற்றினாலும் கூப்பிடக் கூடாது, எண்ணிக்கை தப்பினால் முதலிலிருந்து ஆரம்பிப்பார் என்றாள். ஒரு கோடையில் ஆஸ்பத்திரித் தண்ணீர் மோட்டார் எரிந்துபோய், புதிது வர வாரக்கணக்காகும் என்று எல்லாரும் கைவிரித்தபோது, ராத்திரி பகல் பார்க்காமல் கட்டிக் கொடுத்தவர் இவர்தான் என்றாள். "இப்ப நீங்க குடிக்கறீங்களே, அந்தத் தண்ணி, அதை மேல ஏத்தறதும் அவர் கட்டின காயில்தான்!" என்றதும் பையன்கள் கை தட்டினார்கள். ஜன்னலில் தெரிந்த முகம் பூரித்தது. அந்த வேகத்தில் அவள், "பத்தாவது பாஸ் பண்ணவரு, சும்மா இல்ல!" என்றாள். முகம் தொங்கிப்போனது.

அவளுக்குச் சுருக்கென்றது. "ஏங்க, பாஸ் பண்ணலையா?" என்று மைக்கிலேயே கேட்டுவிட்டாள். இறந்தவர்களிடம் அதுவரை யாரும் மைக்கில் கேள்வி கேட்டதில்லை. காயில்காரர் இல்லை என்று தலையாட்டினார்.

விஷயம் நாத்தனாருக்குத் தெரிந்திருந்தது. பரீட்சைக்கு முந்தின நாள் அப்பாவின் கை மெஷினில் மாட்டிக்கொண்டது, வேலையோ பாதியில் நின்றது, ஒரு நாள் மட்டும் கடையைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று அண்ணனை அனுப்பினார்கள், அந்த ஒரு நாள் அவர் ஆயுசு முழுக்க நீண்டது. பெண் பார்க்க வந்தபோது பாஸ் என்று சொல்லிவிட்டார்கள். "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்பாங்க. நாங்க ஒண்ணே ஒண்ணுதான் சொன்னோம் அண்ணி," என்று அழுதாள் நாத்தனார். இத்தனை வருஷமும் எல்லாரிடமும் "பத்தாவது பாஸ்" என்று தான் பீற்றிக்கொண்டபோதெல்லாம் மனுஷன் எழுந்து வெளியே போனது ஏன் என்று காயில்காரர் மனைவிக்கு இப்போதுதான் புரிந்தது. கோபம் வந்தது. அதற்கு மேல் பாவமாக இருந்தது.

செயலாளருக்கு நிம்மதி. "அவ்வளவுதானே? தேறாதவர்னு நாளைக்குத் திருத்திச் சொல்லிடறேன், இறங்கிடுவார்," என்றார். அவள் சீறினாள். "என் வீட்டுக்காரரை பாஸ் பண்ணாதவர்னு ஊரறியச் சொல்லியா இறக்குவீங்க? ஒண்ணும் வேணாம். அவர் பாஸ் பண்ணட்டும்!"

தலைமையாசிரியர் விதிகளைப் புரட்டிப் பார்த்தார். தனித்தேர்வராக எழுதலாம், வயது வரம்பில்லை, உயிரோடிருக்க வேண்டும் என்று எங்கும் போட்டிருக்கவில்லை. அன்று முதல் அவள் மாலையில் பள்ளி விட்டதும் வந்து, பெஞ்சின் கீழ் உட்கார்ந்து பாடத்தை உரக்கப் படித்தாள். அவர் மேலே நின்று கேட்டார். அவர் விட்டுப்போன காலத்துக்குப் பிறகு பாடம் மாறியிருந்தது, நாடுகளே சில மாறியிருந்தன. அவர் கணக்குப் போடும்போது மட்டும் அவள் வாயைத் திறக்க மாட்டாள். கடையில் பழகிய பழக்கம்.

"பாஸானா போயிடுவாரே அண்ணி," என்றாள் நாத்தனார் ஒருநாள். காயில்காரர் மனைவிக்கு அது முதல் நாளே தெரியும். பாஸ் ஆகாவிட்டால் காலத்துக்கும் அங்கேயே நிற்பார், தினமும் போய்ப் பார்க்கலாம். அன்று மாலை அவள் பள்ளிக்குப் போகவில்லை. வீட்டில் பாத்திரங்களைத் துலக்கினதையே துலக்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் போனபோது அவர் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார், கையில் புத்தகம் அவள் கடைசியாகப் படித்த பக்கத்திலேயே திறந்திருந்தது. "தலைவலிங்க," என்று பொய் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அன்றைக்கு இரண்டு பாடம் நடத்தினாள். வீட்டுக்கு வந்து நாத்தனாரிடம், "ஃபெயிலாகி என் கண்ணு முன்னால நிக்கறதை விட, பாஸாகிப் போகட்டும்டி," என்று சொல்லி ஓவென்று அழுதாள்.

பரீட்சையைக் காயில்காரர் பக்கத்து அலமாரியின் தலையில் தாளை வைத்து நின்றபடியே எழுதினார். வரலாற்றில் நூலிழையில் தப்பினார். கணக்கில் பள்ளிக்கே முதலாவதாக வந்தார்.

முடிவு வந்த மறுநாள் கூட்டத்துக்கு அவள் நல்ல புடவை உடுத்தி வந்தாள். வழியனுப்பும்போது அழுக்குப் புடவையில் நிற்கக் கூடாது என்று நினைத்திருந்தாள். செயலாளர் இந்த முறை அலங்காரம் எதுவும் செய்யவில்லை. காயில் கட்டினார், தண்ணீர் வரவழைத்தார், வீட்டில் ஒரே ஒரு உண்மையை மறைத்து அதற்காகக் காலமெல்லாம் கூசினார், இந்தப் பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேறினார் என்றார். கடைசி வாக்கியத்தில் அந்தத் தேன் நாக்கு குழறியது. பையன்கள் தட்டிய கைதட்டலில் புறாக்கள் கிளம்பின. காயில்காரர் பெஞ்சிலிருந்து இறங்கினார், தூசியைத் தட்டினார், வரைபடத்தின் முன்னால் போய் நின்றார். வகுப்பு வாசலில் நின்ற அவள் கதவு நிலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "போய்ட்டு வாங்க," என்றாள்.

அவர் வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் திரும்பி, அவளைத் தாண்டி, வராந்தாவில் நடந்து, மாடிப்படி ஏறி, பதினொன்றாம் வகுப்புக்குள் போனார். எல்லாரும் பின்னால் ஓடினார்கள். அவர் முதல் வரிசையில், பெஞ்சு மேல் அல்ல, பெஞ்சில், உட்கார்ந்திருந்தார். தலைமையாசிரியர் மூச்சு வாங்கிக்கொண்டே, "எந்த குரூப்பும்மா?" என்று மட்டும்தான் கேட்டார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "கணக்கு இருக்கற குரூப்பா குடுங்க," என்றாள்.

அந்த வருஷம் எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் பேச்சுவாக்கில், உங்க வீட்டுக்காரர் என்ன பண்றார் என்று கேட்டாள். காயில்காரர் மனைவி துணி உதறுவதை நிறுத்தாமல், "படிச்சிட்டிருக்காரு," என்றாள்.