ஒரு லிட்டர் பை

வேதியியல் வகுப்பில் பெல்டோனன் சார் செய்முறைக்கான ஜோடிகளை வாசித்து முடித்தபோது கொலெட் ரிவாரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அவளுக்குத் துணை ட்ராவிஸ். கனடாவின் இந்த சட்பரி ஊரில் இத்தனை பேர் கோடை வகுப்புக்கு வந்திருக்க, போன மாதம் அவள் மகள் ஜோசேயை ஒரே ஒரு மெசேஜில் கழற்றிவிட்ட இந்தப் பயல்தானா கிடைத்தான்? கொலெட்டுக்கு நாற்பது தாண்டிவிட்டது. முதியோர் இல்லத்தில் படுக்கை மாற்றி, குளிப்பாட்டி, நர்ஸ்கள் மருந்து கொடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தே காலம் போய்விட்டது. இனி நாமே நர்ஸ் ஆகிவிடுவோம் என்று கிளம்பிவிட்டாள். கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது. பதினொன்றாம் வகுப்பு வேதியியல் மட்டும் பாக்கி. இன்றைய செய்முறையில் தவறினால் அந்த இடம் போச்சு.

ஜிப் வைத்த பைக்குள் சமையல் சோடாவும் வினிகரும் சேர்ந்து நுரைத்து வாயு கிளம்ப வேண்டும். எது எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பதுதான் பரீட்சை.

"பை கிண்ணுன்னு நிக்கணும். தொளதொளன்னு இருந்தாலும் ஃபெயில், வெடிச்சாலும் ஃபெயில். ஒரே ஒரு தடவைதான்" என்றார் பெல்டோனன், காபி போடச் சொல்வதுபோல.

ட்ராவிஸ் பையில் தண்ணீர் நிரப்பி அளந்து, "ஒரு லிட்டர், மிசஸ் ரிவார்" என்றான். அவள் நிமிரவில்லை. இந்த அறை வெப்பத்தில் ஒரு மோல் வாயு இருபத்துநான்கு லிட்டர் பிடிக்கும். ஆக, ஒரு லிட்டருக்கு இருபத்துநான்கில் ஒரு பங்கு. ஒரு மோல் சோடா எண்பத்துநான்கு கிராம், வகுத்தால் மூன்றரை. சோடாவுக்குச் சமமான மோல் வினிகர் அமிலம் வேண்டும். அது மோலுக்கு அறுபது கிராம், ஆக இரண்டரை கிராம். இருமுறை சரிபார்த்தாள். சோடாவை டிஷ்யூவில் பொட்டலம் கட்டி, துடைத்த பையின் மூலையில் வைத்தாள். இரண்டரை கிராம் வினிகர் அரைத் தேக்கரண்டிதான் வந்தது. அதை ஊற்றக் கையைத் தூக்கினாள்.

"நில்லுங்க."

"உன் பேச்சைக் கேட்டு எங்க வீட்ல ஒருத்தி அழுதது போதும்டா."

ட்ராவிஸின் காது மடல் சிவந்தது. வினிகர் பாட்டிலை அவள் பக்கம் திருப்பி, சின்ன எழுத்தில் இருந்ததை விரலால் காட்டினான். அமிலம் ஐந்து சதவீதம்.

"மிச்சமெல்லாம் தண்ணிதான். நீங்க பாட்டில் முழுக்க அமிலம்னு நினைச்சுட்டீங்க. அம்பது மில்லி வேணும்."

கொலெட் பாட்டிலை வாங்கி அந்த எழுத்தைப் படித்தாள். கோபத்தில் அவனைப் பார்க்காமலே இருந்தவள், பாட்டிலையும் பார்த்திருக்கவில்லை. ஐம்பதா? இருபது மடங்கு! அவனை நம்பி ஊற்றிப் பை வெடித்துவிட்டால்? வெட்கத்தையும் பயத்தையும் ஓரமாக வைத்துவிட்டு மறுபடி யோசித்தாள். சோடா மூன்றரை கிராம்தான். அது தீர்ந்தால் வாயுவும் நின்றுவிடும். வினிகர் கொஞ்சம் கூடினால்கூட உள்ளே சும்மா கிடக்குமே தவிர பையை வெடிக்க வைக்காது.

"ஊத்து" என்றாள். "அம்பதுன்னா அம்பது. சிந்தினா தோலை உரிச்சுடுவேன்."

அவன் ஊற்றினான். அவள் காற்றை வழித்துவிட்டு ஜிப்பை அழுத்தினாள். பொட்டலம் சரிந்து விழுந்ததும் பை சீறியது. ஜிப் பிய்ந்துவிடுமோ என்று ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டார்கள். நுரைத்த பை உள்ளங்கைக்குள் ஜில்லிட்டது.

"அவ எப்படி இருக்கா?" என்றான் ட்ராவிஸ், பையைப் பார்த்தபடியே.

"அவகிட்டயே போய்க் கேளு. நேர்ல. மெசேஜ் அனுப்பினே, தொலைச்சுடுவேன்."

"சரி, மிசஸ் ரிவார்."

சீறல் குறைந்தது. பெல்டோனன் பேனாவைத் திறந்துகொண்டு அவர்கள் மேசையை நோக்கி வந்தார். பையின் மூலையில் ஒரே ஒரு சுருக்கம் மிச்சமிருந்தது. இருவரும் குனிந்து பார்க்க, கடைசி நுரை அதை மெல்ல மெல்ல நிமிர்த்திக்கொண்டிருந்தது.