எழுபது சதவீத வேகம்

அக்கா பார்த்துச் சொன்ன மனிதர் முதல் சந்திப்பில் எனக்குக் கொடுத்தது ஒரு பென் டிரைவ். பூ இல்லை, சாக்லேட் இல்லை. தேநீர்க் கடையின் மேசையில் இருந்த ஈரத்தைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, அதை என் பக்கம் நகர்த்தினார்.

"ஒரு பேண்டோட அஞ்சு ஆல்பம் இருக்கு. புரோக்ரசிவ் மெட்டல்னு சொல்லுவாங்க. பாட்டெல்லாம் நீளமா இருக்கும், கொஞ்சம் சத்தமாவும் இருக்கும். பதினஞ்சு வருஷமா வேலை செய்யும்போது இதத்தான் கேக்கறேன்."

அவர் பல் செட் செய்பவர். பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். இவர் ஒரு அறையில் உட்கார்ந்து மெழுகிலும் பிளாஸ்டரிலும் மற்றவர்களுடைய வாயைச் செய்துகொண்டிருப்பார். ஒருமுறை கல்யாணமாகி முறிந்தவர். நானும் அதே ரகம்தான். வயது நாற்பத்தொன்று, எட்டு வருடக் குடித்தனம், அது முடிந்து ஐந்து வருடம்.

"கேட்டுப் பாருங்க. பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லிடுங்க. நடிக்க மட்டும் வேண்டாம்," என்றார். கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு மீதியையும் சொன்னார். "என் மனைவியா இருந்தவங்க ஆறு வருஷம் என்கூட உக்காந்து தலையாட்டிக்கிட்டே கேட்டாங்க. வீட்ட விட்டுப் போற அன்னைக்குதான் சொன்னாங்க, ஒரு பாட்டுகூட பிடிச்சதில்லன்னு. பாட்டு பிடிக்காதது பரவாயில்லைங்க. அந்த ஆறு வருஷத்துல வேற எதெல்லாம் பொய்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியல."

அவர் தன் முதல் மனைவியைப் பற்றிச் சொல்வதாக நினைத்துக்கொண்டு என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். 'பிடிச்சிருக்கு' என்ற வார்த்தை என் வாயில் எச்சில் மாதிரி தானாக ஊறும். மாமியார் வாங்கிய திரைச்சீலை, கணவரின் ஜோக்குகள், அவர் எனக்காகத் தேர்ந்தெடுத்த செருப்பு, எல்லாமே பிடித்திருந்தன. செருப்பு கடித்ததுகூடப் பிடித்திருந்தது. எட்டாவது வருடம் ஒரே நாளில் எல்லாவற்றையும் திருப்பிக் கொட்டினேன். பாவம் அந்த மனிதர், எதிலிருந்து பொறுக்குவது என்று தெரியாமல் நின்றார்.

ஆனால் இந்தப் பல்லுக்காரரை எனக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அது முடியும்வரை காத்திருந்தார். நாற்பத்தொரு வயதில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று பேச்சை வெட்டிக்கொண்டே வாழ்கிறவர்களுக்குத் தெரியாது. இவரை இழக்கக் கூடாது, இவரிடம் பொய்யும் சொல்லக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.

என் வேலை டாக்டர்கள் பேசி அனுப்பும் பதிவுகளைக் கேட்டு டைப் அடிப்பது. ஒரு அறையில் ஆறு பேர், ஆறு ஹெட்போன். காலடியில் ஆளுக்கொரு பெடல்: மிதித்தால் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். என் பங்குக்கு வருவது பெரும்பாலும் ஒரே ஒரு எலும்பு டாக்டர். ரயிலுக்கு நேரமாகிவிட்டது மாதிரி பேசுவார். என் காதில் மட்டும் ஆறு வருடமாக அவர் கனமான, பொறுமையான, பெரிய மனிதர். ஒருநாள் அவரே அலுவலகத்துக்குப் போன் செய்தபோது யாரோ சின்னப் பையன் என்று நினைத்து, "டாக்டர்கிட்ட குடுப்பா" என்றுவிட்டேன். அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாததால் பென் டிரைவை அலுவலகத்தில்தான் கேட்க முடிந்தது. மதிய இடைவேளையில் எலும்பு டாக்டரை நிறுத்திவிட்டு, அதே ஹெட்போனில் பேண்டைப் போட்டேன்.

ஒன்றுமே புரியவில்லை. யாரோ பீரோவை மாடியிலிருந்து படிப்படியாக இறக்குகிறார்கள் என்று முதலில் நினைத்தேன். பிறகு ஒரு ஆள் பாடினார், மயக்க மருந்து தெளிகிறவர் மாதிரி, ஆழமாக, நிதானமாக. தாளத்தைப் பிடிக்கலாம் என்று காலைத் தட்டினால் பாட்டு நின்று நின்று வந்தது. இதுதான் புரோக்ரசிவ் போலிருக்கிறது என்று அதையும் ஏற்றுக்கொண்டேன். பெடல் மேல் கால் வைத்துக்கொண்டு தட்டினால் நிற்காமல் என்ன செய்யும் என்பது மூன்றாம் நாள்தான் உறைத்தது. அதற்கப்புறம் காலை அழுத்தி வைத்துக்கொண்டு விரலால் தட்டினேன். அப்படியும் சரிப்படவில்லை. இப்போது அடி விழும் என்று நான் விரலை இறக்கினால் அது கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ விழுந்தது. புதிதாகக் குடிபோன வீட்டில் சுவிட்சைத் தேடிச் சுவரைத் தடவுவது போலத் தடவிக்கொண்டே இருந்தேன்.

அக்கா தினமும் போன் செய்தாள்.

"என்னடி, பதில் சொன்னியா?"

"இன்னும் கேட்டுட்டு இருக்கேன்க்கா."

"ஒரு வாரமாவா? பிடிச்சிருக்குன்னு சொல்லிட்டுப் போவியா! நீ பாட்டைக் கட்டிக்கப் போறியா, ஆளைக் கட்டிக்கப் போறியா?"

"எனக்கு ஒண்ணும் புரியலக்கா."

"ஆம்பளைங்க பேசறதே பாதி புரியாது. பாட்டு மட்டும் புரிஞ்சு என்ன கிழிக்கப் போற?"

பத்தாவது நாள் கோபம் வந்து, ஒரு பழைய தாளின் பின்பக்கம் கோடு போட்டு எண்ண ஆரம்பித்தேன். மூன்றாவது ஆல்பத்தின் இரண்டாவது பாட்டு. மேலே கிடாருக்கு ஒரு வரிசை, கீழே டிரம்ஸுக்கு ஒரு வரிசை. கிடார் ஏழு எண்ணி மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. டிரம்ஸ் அதைச் சட்டையே செய்யாமல் நாலு நாலாகப் போகிறது. சேர்ந்து கிளம்பியவர்கள் உடனே பிரிந்துவிடுகிறார்கள். ஒருவரையொருவர் தொலைத்துவிட்டார்கள், அவ்வளவுதான் என்று நினைக்கும்போது, இருபத்தெட்டு எண்ணி முடிந்ததும் இரண்டும் ஒரே இடத்தில் வந்து விழுகின்றன. யாரும் யாருக்காகவும் நடையை மாற்றவில்லை. ஆனாலும் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

உடம்பு சிலிர்த்தது. தற்செயலாக இருக்கும் என்று மறுபடி எண்ணினேன். மறுபடியும் இருபத்தெட்டு. அதற்குப் பிறகு அந்த இடம் வரும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். என் சாப்பாட்டுப் பாத்திரத்தைப் பக்கத்து சீட்டுப் பெண் எடுத்துக் காலி செய்ததைக்கூடக் கவனிக்கவில்லை. எனக்கு ஒரு விஷயம் நிஜமாகவே பிடித்திருந்தது. யாருக்காகவும் இல்லை. அந்தச் சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அன்று பேருந்தில் மூன்று நிறுத்தம் தள்ளி இறங்கினேன்.

இரண்டாவது சந்திப்பு அதே தேநீர்க் கடையில். நன்றாகப் படித்துவிட்டுப் பரீட்சைக்குப் போகும் தெம்போடு போனேன்.

"ரொம்பப் பிடிச்சிருந்துது," என்றேன். "மொதல்ல ஒண்ணும் புரியல. அப்புறம் அந்தப் பாடறவரோட குரலுக்காகவே கேக்க ஆரம்பிச்சேன். எவ்வளவு கனமான குரல்! அவசரமே படாம, நிதானமா..."

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. "எந்தப் பாட்டுல?"

"எல்லாப் பாட்டுலயும். ஒரே ஆளுதானே பாடறாரு?"

"அஞ்சு ஆல்பத்துலயும் பாடறது ஒரு பொண்ணுங்க."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நிதானம்னு சொல்றீங்க. அந்தப் பொண்ணு பாடற வேகத்துக்கு மூச்சு எங்க விடுதுன்னு கேக்கறவங்களுக்கே மூச்சு வாங்கும்." கோப்பையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். "கேக்க நேரம் இல்லன்னு சொல்லியிருந்தா இன்னும் ஒரு மாசம்கூடக் காத்திருப்பேன். இது ஒண்ணுதானே கேட்டுக்கிட்டேன், நடிக்க வேண்டாம்னு."

என் வாக்கியம் முடியும்வரை காத்திருக்கிற மனிதர் அன்று நான் ஒரு வாக்கியம் தொடங்குவதற்குள் எழுந்து போய்விட்டார். எட்டு வருடம் வாய் கூசாமல் பொய் சொன்னேன், ஒருத்தர்கூடச் சந்தேகப்படவில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் மனசறிந்து உண்மை சொன்னேன், பொய்க்காரி ஆகிவிட்டேன். ஆத்திரத்தில் அவருடைய தேநீரையும் சேர்த்துக் குடித்தேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக ஹெட்போனைக் கழற்றிப் பக்கத்து சீட்டின் தலையில் மாட்டினேன்.

"பாடறது ஆம்பளையா பொம்பளையா?"

அவள் கேட்டாள். "ஆம்பளதான் மேடம். தூக்க மாத்திரை போட்ட ஆம்பள." பிறகு என் திரையை எட்டிப் பார்த்தாள். "இதென்ன, உங்க ஸ்பீடு எழுபதுல இருக்கு?"

எழுபதில்தான் இருந்தது. எலும்பு டாக்டருக்காக நான் ஆறு வருடத்துக்கு முன் குறைத்து வைத்த வேகம். எங்கள் அலுவலகத்தின் பழைய மென்பொருளில் வேகம் குறைந்தால் குரலும் தடித்துப்போகும். அவரைத் தவிர வேறு யாரையும் கேட்காத என் காது, எழுபதுதான் உலகத்தின் வேகம் என்று நம்பி உட்கார்ந்திருந்தது.

அவள் நூறுக்கு மாற்றினாள். பாட்டு எகிறிக் குதித்தது. ஒரு பெண் உச்சக் குரலில், யாரோ துரத்துவது போல ஓடிக்கொண்டே பாடினாள். கிடார் காதுக்குள் துளை போட்டது. இருபத்தெட்டு அங்கேயும் இருந்தது, ஆனால் நான் மூச்சைப் பிடிப்பதற்குள் வந்து போய்விட்டது. முழுசாக நாலு பாட்டு கேட்டேன். தலை விண்விண்ணென்று தெறித்தது.

இப்போது நான் என்ன சொல்ல வேண்டும்? இந்தப் பேண்ட் எனக்குப் பிடித்திருக்கிறதா, இல்லையா? பத்து நாள் நான் உயிராகக் கேட்ட ஆள் உலகத்திலேயே இல்லை. அப்படியானால் நான் கேட்டது யாருடைய பாட்டு? யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் வளர்ந்தது.

அக்காவுக்குக் குழப்பமே இல்லை. "மெஷின் கோளாறுன்னு சொல்லு. இப்ப சரியா கேட்டேன், முன்னைவிட இப்ப இன்னும் நல்லா இருக்குன்னு சொல்லு. கல்யாணத்துக்கு நாள் பாத்துடலாம்."

சுலபமான வழி. நான் பிறந்ததிலிருந்து நடந்து பழகிய வழியும்கூட.

பக்கத்து சீட்டு எழுபது வேகத்தில் அந்தப் பாட்டை என் போனில் பதிவு செய்து கொடுத்தாள். மதிய இடைவேளையில் அவருடைய வேலையிடத்துக்குப் போனேன். சிறிய அறை. அலமாரி முழுக்க பிளாஸ்டர் தாடைகள், ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் ஒரு எண். மெழுகு வாசனை. அந்தப் பெண் முழு வேகத்தில் பாடிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முழங்கையால் பாட்டை நிறுத்தினார். விரலெல்லாம் மெழுகு.

நடந்ததைச் சொன்னேன். நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை. கையில் மெழுகு இருந்ததால் ஹெட்போனை நானே அவர் காதில் மாட்ட வேண்டியிருந்தது. காது சூடாக இருந்தது.

"கிடாரை ஏழு ஏழா எண்ணுங்க. டிரம்ஸை நாலு நாலா. இருபத்தெட்டு முடிஞ்சதும் என்ன ஆகுதுன்னு பாருங்க."

மெழுகுக் கத்தியின் பின்பக்கத்தால் மேசையில் தட்டி எண்ணினார். ஒருமுறை தவறவிட்டார். மறுபடி தொடங்கினார். மூன்றாவது தடவை சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். நூறில் பன்னிரண்டு நிமிடப் பாட்டு, எழுபதில் பதினேழு நிமிடம் ஓடியது. அவ்வளவு நேரமும் ஒரு பிளாஸ்டர் தாடைக்கு எதிரே உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"பதினஞ்சு வருஷத்துல நான் இத எண்ணினதே இல்ல," என்றார். "நீங்க கேட்டிருக்கீங்க. நான்தான் அவசரப்பட்டுட்டேன். மன்னிச்சிருங்க." பிறகு கொஞ்சம் தயங்கினார். "ஆனா எனக்கு இந்த வேகம் பிடிக்கலைங்க. பாட்டு ஜுரத்துல படுத்திருக்கற மாதிரி இருக்கு."

என்னுடைய ஆளை அவருக்குப் பிடிக்கவில்லை. அதை என் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். கூரை இடிந்து விழவில்லை. எனக்குக் கோபம்கூட வரவில்லை.

"நீங்க இப்ப சரியான வேகத்துல கேட்டீங்கல்ல? எப்படி இருந்துது?"

அந்த வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவர் கண்ணில் ஆசை தெரிந்தது. அதை மறைக்கவும் அவருக்குத் தெரியவில்லை. ஒரே ஒரு வார்த்தைதான். சொன்னால் எல்லாம் கூடிவரும்.

"பிடிக்கல," என்றேன். "நாலு பாட்டு கேட்டேன். தலை வலிக்க ஆரம்பிச்சிடுச்சு."

அவர் முகம் வாடிவிட்டது. கத்தியை வைத்துவிட்டு விரலிலிருந்த மெழுகை உரித்துக்கொண்டிருந்தார். முடிந்தது என்று நினைத்துக் கைப்பையை எடுத்தேன்.

"மாத்திரை ஏதாவது போட்டீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல."

"இப்பவும் வலிக்குதா?"

"வலிக்குது," என்றேன். அதற்குள் அழுகை வந்துவிட்டது. எட்டு வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்த மனிதரிடம் ஒருநாள்கூட நான் இந்த வார்த்தையைச் சொன்னதில்லை.