அம்மாவின் அண்ணன்

அம்மா பிறந்த நாட்டைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிய வேனில், டிரைவரைத் தவிர நாலு பேர்: அம்மா, மகள், மகளோடு சின்ன வயதிலிருந்து ஒன்றாகப் படித்த டீச்சர், டீச்சரின் வீட்டுக்காரர் பல் டாக்டர். அப்பா தவறிய பிறகு அம்மா வாய்விட்டுச் சிரித்தது அந்தப் பயணத்தில்தான். இந்தப் பாலத்தில்தான் எங்கள் பள்ளிக்கூட பஸ் கவிழப் பார்த்தது, அந்தத் தியேட்டரில் ஒரே படத்தை ஏழு தடவை பார்த்தேன் என்று முன் சீட்டிலிருந்து அள்ளிவிட்டுக்கொண்டே வந்தாள். இத்தனை வருடத் தொழிலில் இப்படி ஒரு வாயைத் தான் பார்த்ததேயில்லை என்று பல் டாக்டர் கேலி செய்தார்.

நாலாம் நாள் காலை வேன் ஒரு மில் வாசலைத் தாண்டி இடதுபுறம் திரும்பியது. அம்மாவின் பேச்சு பாதியில் நின்றுபோனது.

"இந்தப் பக்கம் எதுக்குப் போறீங்க?"

டீச்சருக்கு வாயெல்லாம் பல். இறந்துபோன அப்பாவின் காகிதங்களை மகள் ஒழுங்குபடுத்த உதவிய அன்று ஒரு பழைய உறையில் இந்த விலாசத்தைப் பார்த்து எழுதிவைத்திருந்தாள். அம்மாவை ஆச்சரியப்படுத்த நினைத்துக் கடிதம் போட்டாள். அம்மாவின் அண்ணி இரண்டே வரியில் பதில் எழுதியிருந்தாள்: வரட்டும், நாங்கள் அதே வீட்டில்தான் இருக்கிறோம். மகளுக்கும் விஷயம் தெரியும். அம்மாவின் அண்ணன் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனார் என்றுதான் அவள் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறாள். புருஷனைப் பறிகொடுத்த அத்தையை ஒரு நடை பார்த்துவிட்டு வருவதில் என்ன தப்பு என்று அவளும் தலையாட்டியிருந்தாள். 'நாங்கள்' என்ற சொல் அவள் கண்ணில் படவேயில்லை.

"வண்டியத் திருப்பச் சொல்லு," என்றாள் அம்மா. அதற்குள் டிரைவர் பிரேக் போட்டுவிட்டார்.

வாசலில் நின்ற அத்தை ஒல்லியாக, முழங்கைவரை ஈரத்தோடு இருந்தாள். யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. இப்போதுதான் அவரைக் குளிப்பாட்டி முடித்தேன், உள்ளே வாருங்கள் என்றாள்.

கட்டிலில் மாமா இருந்தார்.

மகள் பிசியோதெரபிஸ்ட். பதினோரு வருடமாக ஆஸ்பத்திரியில் அவள் பார்ப்பது இப்படிப்பட்ட உடம்புகளைத்தான். கழுத்தெலும்பு முறிந்தவர் என்பது பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மடங்கிய முழங்கைகள் மார்போடு ஒட்டியிருந்தன. விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டிருந்தன. நகம் குத்தாமலிருக்க அத்தை துணியைச் சுருட்டி வைத்திருந்தாள். முதுகில் ஒரு புண்கூட இல்லை. விழுந்து முப்பத்து நாலு வருடம் படுக்கையிலேயே கிடந்த உடம்புக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று அந்த அறையில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அத்தைதான் எல்லாவற்றையும் சொன்னாள், குரலை உயர்த்தாமல். தாய் தகப்பன் இல்லாத தங்கையைக் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடித்து வளர்த்தவர் அவர். அவர் விழுந்து இருபதாம் நாள் தங்கைக்கு வெளிநாட்டில் தையல் வேலை கிடைத்து டிக்கெட் வந்தது. போய்ச் சேர்ந்ததும் அழைத்துக்கொள்கிறேன், அங்கே வைத்தியம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆறு கடிதம் வந்தது. ஏழாவது வரவில்லை.

"இவரச் செத்துட்டாருன்னு சொல்லிட்டியாமே," என்றாள் அத்தை, அம்மாவைப் பார்த்து. "இந்த டீச்சர் பொண்ணோட கடிதத்துலதான் தெரிஞ்சுக்கிட்டேன். 'மறைந்த உங்க கணவர்'னு எழுதியிருந்துச்சு."

டீச்சர் தலையைத் தொங்கப்போட்டாள். பல் டாக்டர் நைசாக வெளியே நழுவினார்.

"கல்யாணம் பேசினப்ப கூடப்பிறந்தவங்க யாருன்னு கேட்டாங்க," என்றாள் அம்மா. "வாயில வந்துடுச்சு அண்ணி. அப்புறம் மாத்திச் சொல்ல முடியல."

அத்தை கட்டில் பக்கம் குனிந்தாள். "யாரு வந்திருக்கான்னு பாருங்க. உங்க தங்கச்சி."

மாமா கண்ணைத் திறந்தார். அம்மாவை வெகுநேரம் பார்த்தார். மூச்சுக்கும் பேச்சுக்கும் நடுவே ஒரு குரல் வந்தது.

"அவ போயிட்டா."

கண்ணை மூடிக்கொண்டவர் பிறகு திறக்கவில்லை. அம்மா அவர் காலைத் தொடப் போனாள். அத்தை போர்வையை இழுத்து மூடிவிட்டாள்.

கிளம்பும்போது அத்தை மகளைச் சமையல்கட்டுக்குள் அழைத்தாள்.

"நீ இந்த வேலைதான் பாக்குறியாமே. அந்தக் கைய இனிமே நீட்ட முடியுமாம்மா?"

"முடியாது அத்தை."

"முன்னாடியே யாராச்சும் காட்டிக்குடுத்து, நான் செஞ்சிருந்தா?"

முதல் ஆறு மாதம், தினமும் இரண்டு வேளை, இருபது நிமிடம் கையை நீட்டி மடக்கிவிட வேண்டும். புதிதாகச் சேரும் பெண்களுக்கு அவள் கற்றுக்கொடுக்கும் முதல் பாடமே அதுதான். செய்திருந்தால் கை நிமிர்ந்திருக்கும். மணிக்கட்டில் பட்டை கட்டினால் கரண்டி பிடித்திருக்கலாம்.

"அப்பவும் ஒண்ணும் ஆகியிருக்காது அத்தை," என்றாள் மகள்.

அத்தை தலையாட்டினாள். நம்பினாளா என்பது தெரியவில்லை.

அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். நான் இங்கேயே இருந்துவிடுகிறேன் அண்ணி, அண்ணனைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். கேட்கவே கூச்சமாக இருந்தது மகளுக்கு.

"வேணாம்," என்றாள் அத்தை. "நீ இருந்தா அவரு சாப்பிட மாட்டாரு."

மீதி இரண்டு நாளும் அட்டவணைப்படி அருவியையும் கோட்டையையும் பார்த்தார்கள். முன் சீட்டில் பேச்சில்லை. பல் டாக்டர் கைப்புத்தகத்தைப் பார்த்து உரக்கப் படித்தார்; யாரும் காதில் வாங்கவில்லை. டீச்சர் மூன்று முறை மன்னிப்புக் கேட்டாள். அம்மா மூன்று முறையும் "பரவாயில்லம்மா" என்றாள். ஊர் திரும்பியபின் டீச்சர் அந்த வீட்டுக்கு வருவது குறைந்து, நின்றே போயிற்று.

மகள் இரண்டு மாதம் கழித்து மூன்று வாரம் லீவு போட்டு, தனியாகப் போய் மாமாவோடு இருக்க டிக்கெட் எடுத்தாள். நீயும் வா என்று அம்மாவை அழைக்க அவளுக்கு நா எழவில்லை. கிளம்ப ஒன்பது நாள் இருக்கும்போது அத்தையிடமிருந்து செய்தி வந்தது. சளி கட்டி, மூச்சுத் திணறி, வியாழக்கிழமை மத்தியானம்.

அம்மா தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அழவில்லை. யாரிடம் சொல்லி அழுவது? தெரிந்தவர்களுக்கெல்லாம் அவர் என்றோ செத்தவர்.

"டிக்கெட்டக் கேன்சல் பண்ணிடுவியா?"

"இல்ல," என்றாள் மகள். "அத்தை தனியா இருப்பாங்க."