வீட்டோடு மாப்பிள்ளையும் இன்னொருவரும்

என் மனைவியின் மூட்டுவாதத்துக்கு எங்கள் வீட்டில் மாப்பிள்ளை என்று பெயர். வீட்டோடு மாப்பிள்ளை. வந்து பல வருடங்களாகிவிட்டன, போகிற வழியைக் காணோம். வேளாவேளைக்கு மாத்திரை, இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி என்று உபசாரம் நடக்கிறது. கவனிப்பு கொஞ்சம் குறைந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். மறுநாள் காலை அவளால் பல் துலக்கும் பிரஷைக்கூடப் பிடிக்க முடியாது.

அவள் முடி திருத்துகிறவள். இரண்டு நாற்காலி போட்ட சொந்தக் கடை. காலையில் கைகளை வெந்நீரில் ஊறவைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துவிட்டுத்தான் கடையைத் திறப்பாள்.

இப்படி ஒருவரை வீட்டில் வைத்திருந்தால் எது நடந்தாலும் பழி அவர்மேல்தான் விழும். அவளுடைய இடதுகைக் கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் மரத்துப்போயின. தூக்கத்தில் எழுந்து கையை உதறிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "மாப்பிள்ளை கோவமா இருக்காரு" என்பாள். நானும் எழுந்து வெந்நீர் வைப்பேன். சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் திணறினாள். அதுவும் மாப்பிள்ளை கணக்கில் போனது.

அந்தச் சமயத்தில் எனக்கு அவள்மேல் ஒரு மனத்தாங்கல் இருந்தது. அவள் கடையில் இருந்தபோது அலமாரிக் கதவில் இடித்துக்கொண்டேன். வீக்கம் வடிந்தும் பின்னந்தலையில், முடிக்குள், ஒரு மேடு தங்கிவிட்டது. மாதாமாதம் எனக்கு முடி வெட்டுகிறவள் அவள்தான். என்னாச்சு என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டுமே, மூச்சு விடவில்லை. கட்டின புருஷன் தலைக்கு இவ்வளவுதான் மரியாதை என்று நானும் வாயைத் திறக்கவில்லை. வீம்பில் நான் யாருக்கும் சளைத்தவன் இல்லை.

ஒருநாள் கடையில் ஒரு டீச்சருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தாள். டீச்சர் கண்ணாடியைப் பார்த்து நிதானமாகக் கேட்டாராம்: "ஏம்மா, என் காதை வெட்டிட்டியா?"

போர்த்தியிருந்த வெள்ளைத் துணியில் ரத்தம். டீச்சரின் காதுகள் இரண்டும் பத்திரமாக இருந்தன. முடியைப் பிடித்திருந்த தன் நடுவிரலைத்தான் இவள் கத்தரித்திருந்தாள்.

"வெட்டினதே தெரியலைங்க. வலிக்கவே இல்ல" என்றாள் வீட்டுக்கு வந்து.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. மாப்பிள்ளைக்கு வலிக்க வைக்கத்தான் தெரியும். வலியே தெரியாமல் மரக்க வைக்கிற வேலை அவருடையது இல்லை.

கை டாக்டர் அவள் விரல்களைக் குத்திப் பார்த்தார், மின்சாரம் வைத்துப் பார்த்தார். மணிக்கட்டுக்குள் ஒரு குறுகலான வழியில் நரம்பு நசுங்குகிறது என்றார். நாங்கள் மாப்பிள்ளை கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "இது வேற ஆளு. ஆனா கதவைத் திறந்துவிட்டது உங்க மாப்பிள்ளைதான். அந்த வீக்கம்தான் நரம்பை அமுக்குது." கட்டைவிரலுக்குக் கீழே சதை வற்றியிருந்ததைக் காட்டினார். மணிக்கட்டுக்குப் பட்டை கட்டிக்கொண்டு தூங்கினால் சரியாகும் கட்டம் தாண்டிவிட்டது, ஆபரேஷன்தான். "தள்ளிப்போட்டா உணர்ச்சி திரும்ப வருமான்னு என்னால சொல்ல முடியாது" என்றார்.

புண்ணில் கிருமி சேராமல் இருக்க, ஆபரேஷனை ஒட்டி ஊசியை நிறுத்தச் சொன்னார் மூட்டு டாக்டர். நிறுத்தினால் மற்ற மூட்டுகள் வீங்கும் என்றும் சொன்னார். நான் தயங்கினேன். அவள் தயங்கவில்லை.

"முட்டி வீங்கினா உக்காந்துகிட்டு வெட்டுவேன். விரல் தெரியலைன்னா என்னத்தைங்க வெட்டறது?"

மாப்பிள்ளை சொன்ன சொல் தவறாதவர். ஆபரேஷன் ஆன கையில் கட்டு, மற்ற கையிலும் இரண்டு முட்டிகளிலும் வீக்கம். நான்தான் அவளுக்குத் தலை வாரிவிட்டேன். "கோழி கிளறின மாதிரி இருக்கு" என்றாள். புண் ஆறியது, ஊசி மறுபடி தொடங்கியது, வீக்கம் இறங்கியது. விரல்கள் மட்டும் மரத்தபடியே இருந்தன. எனக்குப் பயமாக இருந்தது. தெரிகிறதா என்று கேட்கவும் பயம்.

வாரங்கள் கழித்துக் கடையைத் திறந்தாள். முதல் தலை என்னுடையது. வாடிக்கையாளர் காதோடு விளையாட முடியாதல்லவா?

"ஆடாம உக்காருங்க."

இடதுகை விரல்கள் முடிக்குள் நுழைந்தன. பின்னந்தலைக்குப் போய் நின்றன. கொஞ்சம் தள்ளிப் போய், திரும்பவும் அதே இடத்துக்கு வந்தன.

"இங்க என்னங்க, மேடா இருக்கு?"

"அலமாரிக் கதவு இடிச்சது."

"எப்போ?"

"போன வருஷம்."

கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். அதற்குப் பிறகு எனக்கு எத்தனை முறை முடி வெட்டியிருப்பாள் என்று அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன். என் ஒரு வருட மனத்தாங்கல் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது.

"சொல்லக் கூடாதா?"

"நீயா கேப்பேன்னு இருந்தேன்."

அவள் கத்தரியை வைத்துவிட்டு மேட்டை மெதுவாக அழுத்தினாள்.

"வலிக்குதா?"

அது வலி விட்டு எத்தனையோ மாதமாகிவிட்டது. இல்லை என்றால் விரலை எடுத்துவிடுவாளே என்று, "கொஞ்சம்" என்றேன்.